காட்டன் சட்டையும் ஒரு தீக்குச்சியும்

நாளை எனக்குக் கொல்லன் பட்டறையில் கத்தி அடிக்கும் பயிற்சி, முதல் வகுப்பு. உலைக்கு முன்னால் நிற்க வேண்டும், காட்டன் துணிதான் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

‘ப்யூர் காட்டன்’ என்று எழுதியிருந்த சட்டையை வாங்கினேன். கை நீளத்தைக் குறைக்க, குளத்தூரில் டெய்லர் அக்காவிடம் கொடுத்தேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் ஒரு நூலை உருவித் தீக்குச்சியால் கொளுத்தினார். நூல் சாம்பலாகவில்லை. உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது.

“இது பாலியஸ்டருடி. பொறி பட்டா உருகித் தோலோட ஒட்டிக்கும். எங்க வீட்டுக்காரரோட பழைய கதர்ச் சட்டை தாரேன், அதப் போட்டுட்டுப் போ.”

அந்த நொடியில் அக்காவைக் கும்பிடத் தோன்றியது. “ஒங்களுக்கு நான் என்னக்கா செய்யட்டும்?” என்றேன்.

“கத்திரிக்கோல் மொண்ணையாக் கெடக்கு. வகுப்பு முடிஞ்சு வந்து சாணை புடிச்சுத் தா.”

நான் இன்னும் சுத்தியலையே தொடவில்லை. உங்களில் யாருக்காவது சாணை பிடிக்கத் தெரியுமா?