இரும்பு நுழையாத அறை

"சாவி. கடிகாரம். அந்த பெல்ட்டும்தான்," என்று கையை நீட்டுகிறார் கோடெலீவ. வாசலில் நிற்பவர் நிறுவனத்தின் இயக்குநர்.

"சும்மா எட்டிப் பாக்கத்தாம்மா வந்தேன்."

"எட்டிப் பாத்தாலும் இரும்பு இரும்புதான். பேன்ட் நழுவுனா நான் திரும்பிக்கிறேன், போங்க."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு இயக்குநர் உள்ளே போகிறார்.

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரின் ஓரத்தில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் காந்த அறை கோடெலீவவின் ராஜ்ஜியம். அங்கே சோதிக்கப்படுவது நகக்கண் அளவே உள்ள சிலிக்கான் சில்லுகள். மின்சாரம் ஓடும் சில்லின் அருகே காந்தம் வந்தால், அதன் குறுக்கே சிறு மின்னழுத்தம் எழும். ஹால் விளைவு என்று பெயர். காந்தம் பொருத்திய கார் பெடலை எவ்வளவு மிதித்தோம் என்பது இன்ஜினுக்குத் தெரிவது இதனால்தான். அந்தச் சில்லு எப்போது பொய் சொல்லும் என்று கண்டுபிடிப்பது கோடெலீவவின் வேலை. மேலே பொதிந்த பிளாஸ்டிக் ஈரத்தைக் குடித்து உப்பும், சில்லை நெருக்கும், அளவு நகர்ந்துவிடும். அதனால் ஈரமும் சூடும் நிறைந்த பெட்டியில் மாதக்கணக்கில் போட்டு வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து மின்காந்தத்தின் நடுவே வைத்துப் பார்ப்பார்.

"நல்லா வேகட்டும். பச்சையா இருக்கிறப்ப எல்லாமே யோக்கியம்தான்," என்பார்.

அறை கட்டும்போது தரையை ஆளுயரம் தோண்டச் சொன்னவரும் அவர்தான். முதல் உலகப் போரின் இரும்பு இந்த மண்ணில் இன்னும் கிடக்கிறது. லாரி நிறையக் குண்டுச் சிதறல்கள் போன பிறகே கான்கிரீட் ஊற்ற விட்டார். ஒரு முறை வியாழக்கிழமைகளில் மட்டும் அளவு கோணிக்கொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால், அன்று சரக்கு இறக்கப் போகும் உதவியாளன் லீவன் இரும்பு மூக்கு வைத்த பூட்ஸோடு உள்ளே வந்து நின்றிருக்கிறான். "ஒரு மாசமா என் தூக்கத்தக் கெடுத்தது உன் கால் கட்டவிரலாடா!" என்று கட்டடம் அதிரக் கத்தினார்.

போன இலையுதிர் காலத்தில் கால்வாய்க் கரையில் சைக்கிளோடு மயங்கி விழுந்தார். இதயம் நின்று நின்று துடிக்கிறது என்று, இடது காறையெலும்பின் கீழே தோலுக்கடியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். பலமான காந்தத்தின் அருகே போனால் அந்தக் கருவி இதயத்தைக் கவனிக்காது, தன்பாட்டுக்குத் தட்டும். உயிருக்கே ஆபத்தாகலாம். எலும்பு முறிவு என்று ஆய்வுக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னார். உண்மையைச் சொன்னது, பக்கத்து மேசைக்காரியான என்னிடம் மட்டும். கேன்டீனில் சூப் குடிக்கும்போது சொன்னார்.

"காந்தத்துக்கிட்ட வேலையான்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. ஆபீஸ்ல டைப் அடிக்கிறேன்னுட்டேன்."

"பைத்தியமாடி உனக்கு? லீவன்கிட்ட குடுத்துடு அந்த வேலைய."

"அவனா? கால்ல என்ன மாட்டியிருக்கோம்னே அவனுக்குத் தெரியாது." சூப்பைக் கிளறினார். "விஷயம் தெரிஞ்சா என்னை மாடிக்கு, பேப்பர் வேலைக்கு அனுப்பிடுவாங்க. இப்ப பெட்டியில இருக்கிற சில்லு சரியில்ல. எந்த ஈரத்துல அளவு வழுக்குதுன்னு இன்னும் பிடிபடல. நான் போயிட்டா, போதும்னு கையெழுத்துப் போட்டு கார்ல மாட்ட அனுப்பிடுவாங்க."

"உள்ளயே செத்து விழுந்தா?"

"அப்ப பெல்ட்டக் கழட்டாம வந்து தூக்குங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இயக்குநரிடம் சொல்லிவிடுவேன் என்றேன். தன் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என் தட்டில் வைத்தார்.

இன்று காலை கண்ணாடி வழியாகப் பார்த்தேன். காந்தம் உறுமிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அதன் இடைவெளியில் முகத்தைப் புதைப்பதுபோல் குனிந்து வேலை செய்வார். இன்று எட்ட நின்று, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வலது கையை முழுக்க நீட்டி, பிளாஸ்டிக் இடுக்கியால் சில்லை உள்ளே வைத்தார். இடது உள்ளங்கையை விரித்து, காறையெலும்பின் மேல் அழுத்தி வைத்திருந்தார், வெயிலுக்குக் கண்ணை மறைப்பதுபோல.