பால் பொங்கிய திசை

பால் பொங்கினால் எல்லாரும் சிரிப்பார்கள். அன்று நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை இடித்துவிட்டு, அங்கிருந்தவர்களுக்குத் தோட்டத்தின் மறுகோடியில் புது வீடு கொடுத்தார்கள். என் அக்காவுக்கும் ஒன்று கிடைத்தது. குடிபுகும் நாளில் நடுவீட்டில் அடுப்பு வைத்துப் பால் காய்ச்சினாள்.

"கெழக்கால பொங்கிருச்சு லா! இனிமே நல்ல காலந்தான்," என்று கைதட்டினாள்.

பால் என்ன செய்யும்? தரையே கிழக்கே சாய்ந்திருந்தது.

மண்ணை ஆராய்ந்து வகை பிரிப்பது என் வேலை. லயம் இடிபடும் முன்பே அந்தத் தோட்டம் முழுவதும் துளையிட்டுப் பார்த்தவள் நான்தான். இந்தக் கோடியில் இருப்பது மக்கிய சதுப்பு மண், நீர் வடிந்தால் அமிழும், வீடு கட்டாதீர்கள் என்று தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்.

"அக்கா, தரை எறங்குது."

"நல்ல நாளும் அதுவுமா வாய மூடு. லயத்த ஒடச்சிட்டாங்க, வேற எங்க போறது?"

என் அறிக்கையை ஒருவரும் படிக்கவில்லை என்று பொருமிக்கொண்டே காரை எடுத்தேன். வழியில் பழைய லயம் இருந்த இடம் வந்தது. விற்பனைக்குப் பங்களாக்கள் எழும்பிக்கொண்டிருந்தன.

கட்டடத்துக்கு ஏற்ற கெட்டி மண் என்று நான் குறித்த ஒரே இடம் அது.

வரி விடாமல் படித்திருக்கிறார்கள்.