சீனி வேண்டாம் என்று சொல்ல விடாதவர்கள்

பரிசம் போட்ட அன்று கூடத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். அண்ணன், அண்ணி, மணப்பெண்ணான அவர்கள் மகள், எங்கள் சித்தப்பா, நான். எதிர்ப் பாயில் மாப்பிள்ளை, அவர் தாயார், தாய்மாமன். அண்ணனுக்கு இனிப்பு நீர் வியாதி என்பது அண்ணிக்கும் சித்தப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. ‘குடும்பத்து வியாதி’ என்று சம்பந்தம் நின்றுவிடுமோ என்ற பயம்.

அண்ணன் உஜோங் பாசிரில் பிறந்தார். அப்பா தவறியதும் பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போனவர், தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலையில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக உயர்ந்து, காஜா பெராங்கில் வீடு எடுத்து, என்னையும் கட்டிக் கொடுத்தார். யாரையும் கோபித்து வைததில்லை. அவர் படாத கோபத்தையும் சேர்த்து இன்று நான் படுகிறேன்.

சீனியைக் குறைக்காவிட்டால் அது காலில் புண் வருவதோடு நிற்காது, ரத்தக் குழாயைக் கெடுத்து நெஞ்சையும் மூளையையும் பிடிக்கும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். அதனால் அன்று லட்டைக் கையிலேயே வைத்திருந்தார் அண்ணன்.

“என்ன சம்பந்தி, எங்க லட்டு கசக்குதா? இல்ல பொண்ணக் குடுக்க மனசில்லையா?” என்றார் தாய்மாமன்.

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாம் தெரிந்த சித்தப்பாவோ, “அவனுக்கு வெக்கம்! வாயத் தொறடா!” என்று ஊட்டியே விட்டார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு லட்டு ஆளைக் கொல்லுமா என்பீர்கள். கல்யாணம் வரை ஏழு மாதம். பத்திரிகை வைக்கப் போன வீடெல்லாம் இனிக்க இனிக்க டின் பால் ஊற்றிய தேத்தண்ணீர்.

“சீனி வேணாம்னு சொல்லுங்களேண்ணே.”

“ஏன்னு கேப்பாங்க பாப்பா. கல்யாணம் முடியட்டும்.”

ஆஸ்பத்திரி வரிசையில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மருந்துக்கும் போகவில்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டாம் நாள் அண்ணனுக்கு வலது கை விளங்காமல் விழுந்தது. மகளை எங்கள் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்துவிட்டது, நெஞ்சும் பழுது, இது பல வருஷக் கேடு, கவனிக்காமல் விட்டதில் முற்றிவிட்டது என்றார் டாக்டர்.

கட்டிலருகே மாப்பிள்ளை என்னிடம் அழுதார். “சொல்லியிருக்கலாமே சின்னம்மா! எங்கம்மாவுக்கும் இனிப்பு நீர்தான். நாங்களும் பயந்துகிட்டுத்தான் சொல்லல.”

அந்த அம்மாவும் அன்று லட்டுத் தின்றார்! எதற்கு ஐயா இந்த மரியாதை? ஒன்பதாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

கேட்காமலே காரை எடுத்த பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கும், முகம் சுளிக்காமல் துடைத்துவிட்ட நர்ஸ் பெண்ணுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் நான்காம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

எனக்கும் இனிப்பு நீர் இருக்கிறது. மணமாகாத மகள்கள் இருவர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் எனக்குச் சீனி போடாதீர்கள்.

இதை எழுதிவிட்டு, பயத்தில் மூன்று நாள் அச்சகத்துக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன். “பைத்தியமாடி உனக்கு? எவன் பொண்ணு கேட்டு வருவான்?” என்று கத்திய சித்தப்பா, என் வியாதியைச் சொல்லும் அந்த வரிகளை எடுத்தால்தான் அண்ணனின் இந்த நினைவு மலருக்குப் பணம் என்று சொல்லிவிட்டார். எடுக்கவில்லை. அச்சகத்துக்கு இன்னும் நாற்பத்திரண்டு வெள்ளி பாக்கி.