மாமா சொன்ன மோட்டார்

என் கைக்கு வந்தபோது அந்தக் காரில் உயிர் இல்லை. செகந்திராபாத் பக்கத்தில் மௌலா அலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மேல்வீட்டில் இருந்த அண்ணன் ஒருவர் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும்போது, மோட்டார் எரிந்துவிட்டது, வேறு போட்டால் ஓடும் என்று சொல்லி ரிமோட்டோடு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய சக்கரங்களும் ஸ்பிரிங்கும் வைத்த, கழற்றி மாட்டக்கூடிய, நல்ல கனமான கார். சங்கராந்தி லீவில் காலனி மைதானத்தில் ரிமோட் கார் ரேஸ் வைப்பதாகப் பிள்ளைகள் முடிவு செய்திருந்தார்கள். அப்போது எனக்கு ஐந்தாம் வகுப்பு. பெண்பிள்ளைகளில் நான் மட்டும்தான் பெயர் கொடுத்திருந்தேன்.

அப்பா ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தார். ஒரு மோட்டார் வாங்குவது அவருக்குக் கத்தரிக்காய் வாங்குவதுபோல் நடந்துவிடுகிற காரியம் இல்லை. பழைய மோட்டாரைப் பிரித்துப் பேப்பரில் பரப்பினார். காரை எடை போட்டார். மொபைலில் எதையெதையோ படித்தார். எல்லாம் முடிந்ததும் "பாக்கலாம்" என்றார். அடுத்த ஞாயிறும் அதே "பாக்கலாம்" தான். லீவு நெருங்க நெருங்க எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது அம்மா, துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "மாமாகிட்ட கேளேன்."

மாமா அம்மாவின் அண்ணன். பாலாநகரில் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. செகந்திராபாத்தில் ஒரு கல்யாணத்தில், பந்திக்கு யாரை முதலில் கூப்பிட்டார்கள் என்று தொடங்கி வார்த்தை தடித்துவிட்டதாம். அதிலிருந்து எங்கள் பஸ் பாலாநகரைத் தாண்டும்போதெல்லாம் அப்பா எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார். அப்பா ஷிஃப்டுக்குப் போன நேரமாகப் பார்த்துத்தான் அம்மா தன் அண்ணனோடு போனில் பேசுவாள்.

அப்படி ஒரு போனில் நான் கேட்டபோது, மாமா என் பிரச்சினையைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடவில்லை. கார் எவ்வளவு கனம், என்ன பேட்டரி, ஓட்டப்போகிற இடம் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டார். மைதானம் முழுக்கச் சரளைக்கல், பாதியில் பாறைமேடு வரும், அதில் ஏறித்தான் திரும்ப வேண்டும் என்றேன்.

"அப்பா என்ன சொல்றாரு?"

"பாக்கலாம்னு சொல்றாரு."

அந்தப் பக்கம் மாமா அந்த 'பாக்கலாம்' என்பதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு மாமா சொன்னார்: "சரி பாப்பா, இருக்கறதுலேயே சுத்து கம்மியான மோட்டாரா வாங்கச் சொல்லு. வண்டி பறக்கும். மாமாதான் சொன்னாருன்னு சொல்லணும். மறந்துடாத, என்ன?"

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்படியே சொன்னேன். சாதம் பிசைந்துகொண்டிருந்த அப்பாவின் கை நின்றது.

"யாரு, உங்க மாமாவா? சுத்து கம்மியாவா வாங்கச் சொன்னாரு?"

"ஹவ்," என்றேன், காலனிப் பிள்ளைகள் 'ஆமாம்' என்பதற்குச் சொல்கிற மாதிரி. வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டிருந்த அப்பா அதைத் திருத்தக்கூட இல்லை.

மோட்டாருக்குள் செம்புக்கம்பி சுற்றியிருக்கும் என்று எனக்கு விளக்கினார். சுற்று குறைந்தால் வேகம் வரும், ஆனால் கரன்ட்டை வாரி இழுக்கும். சுற்று கூடினால் வேகம் குறையும், இழுவை கூடும். "இவ்ளோ கனமான வண்டியில அதைப் போட்டு மேட்டுல ஏத்தினா, பாதியிலயே புகைஞ்சு போயிடும். இதுகூடவா தெரியாது அந்த மனுஷனுக்கு? போய்ச் சொல்லு."

சொன்னேன். "உங்கப்பா பயந்தாங்கொள்ளின்னு சொல்லு" என்றார் மாமா. அதையும் சொன்னேன். அதற்கு அப்பா ஒரு பதில் கொடுத்தனுப்பினார், அதற்கு மாமா இன்னொன்று. நான் சுமந்துபோன சேதிகளில் பாதி எனக்குப் புரியவில்லை. புரியாததை எனக்குத் தெரிந்த மாதிரி மாற்றிக்கொண்டேன். ஒரு சாயங்காலம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் போனில், "மாமா, பேட்டரிக்கு இழுவை பத்தலைன்னு அப்பா சொல்றாரு" என்றேன்.

அப்பாவுக்குத் தாங்கவில்லை. "ஐயோ, நான் எப்ப அப்படிச் சொன்னேன்? போனைக் குடு."

காதில் வைத்த பிறகுதான் யாரோடு பேசப்போகிறோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார். "மச்சான், நான்தான் பேசறேன். நீங்க சொல்றது மோட்டார் இல்ல, அடுப்பு. பிள்ளை கையைச் சுட்டுக்கப் போகுது."

அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். அப்பா போனோடு பால்கனிக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத்தில் கடைக்கே போய்ப் பார்த்துவிடுவதாக ஏற்பாடு ஆகியிருந்தது.

நாங்கள் போனபோது மாமா கடை வாசலில் நின்றிருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை; கண்ணாடிப்பெட்டியில் இருந்த மோட்டார்களைப் பார்த்தார்கள். கடைக்காரர் இரண்டு வகையிலும் ஒவ்வொன்று எடுத்து வைத்தார். அப்பா பேச ஆரம்பித்தார். கரன்ட், சூடு, சரளை, மேடு என்று அவர் பாதி வருவதற்குள் மாமா தலையாட்டிவிட்டார்.

"சரிதான் மாப்ள. நீங்க சொல்றதுதான் சரி. எனக்குத் தோணாம போச்சு."

நிறைய வாதங்களோடு வந்திருந்த அப்பா அவற்றை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இல்ல மச்சான், தார் ரோடா இருந்தா நீங்க சொன்னதும் சரிதான்" என்றார். சுற்று கூடிய மோட்டாரை வாங்கினோம். அதற்கேற்ற பல்சக்கரமும் மாற்ற வேண்டியிருந்தது. அப்பா நடைபாதையில் இறங்கி, மாமாவின் சட்டைப்பையைப் பார்த்துச் சொன்னார்: "வீட்டுக்கு வாங்களேன், சேர்ந்து மாட்டிடலாம்."

கதவைத் திறந்த அம்மா "வாண்ணா" என்றாள். உடனே சமையலறைக்குள் போய் மிக்ஸியைப் போட்டாள். அது ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடிக்கப் போன நான் ஜாரில் ஒன்றுமே இல்லாததைப் பார்த்தேன். கேட்டால் திட்டுவாள் என்று வந்துவிட்டேன்.

ரேஸ் அன்று மாமாவும் அத்தையும் காலையிலேயே வந்துவிட்டார்கள். பாறை மேல் ஏறி நின்று அப்பா ஒன்று கத்த, மாமா வேறொன்று கத்த, இருவர் பேச்சையும் கேட்காமல் ஓட்டினேன். தட்டையான இடத்தில் எல்லாக் கார்களும் என்னைத் தாண்டிப் போயின. மேட்டில் அவை சரளையில் சறுக்கித் திணற, என் கார் எருமைபோல நிதானமாக ஏறியது. இறக்கத்தில் ஒன்று மட்டும் என்னை முந்தியது. இரண்டாவது வந்தேன். அப்பா சந்தோஷத்தில் மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். பிடித்த கையை எடுக்க மறந்தேபோனார்.

இன்று நான் எலக்ட்ரிக் ஸ்கூட்டர்களுக்கு மோட்டார் தேர்வு செய்கிற வேலையில் இருக்கிறேன். கனத்தையும் மேட்டையும் பற்றிக் கேட்டுக்கொண்ட ஒருவர் சுற்று கம்மி என்ற அந்தப் பதிலைத் தெரியாமல் சொல்லியிருக்கவே முடியாது என்பது எனக்கு இப்போது தெரியும். அன்று தெரியவில்லை. ரேஸ் முடிந்து பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். அப்பா மோட்டாரைப் பற்றி மாமாவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். மாமா பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா எதற்கோ முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். இத்தனை வருஷம் காயில் சுற்றியும் மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லையே, எல்லோருக்கும் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்குப் பாவமாக இருந்தது. என் வடையை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.