பயணப் புத்தகமும் கையெழுத்து நாளும்

கோவில்பட்டிப் பக்கத்து அகதி முகாமில்தான் நான் பிறந்தேன். அப்பா இலங்கையிலிருந்து படகில் வந்தவர். எங்களுக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கிடையாது. கனடாவில் இருக்கும் அக்காவைப் பார்க்க, பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் பயணப் புத்தகத்துக்கு அப்பா எழுதிப்போட்டார். அது வந்துசேர மூன்று வருஷமானது.

அவர் கிளம்பும் நாளிலேயே முகாமில் தலையெண்ணிக் கையெழுத்து வாங்கும் நாளும் வந்தது. பெட்டிகளோடு நான் முன்னாலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். ரயில் வந்தது, நின்றது, போய்விட்டது. அப்பா வரவில்லை.

பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றித் திரும்பினேன். முகாம் வாசலில், வரிசையில் உட்கார்ந்திருந்தார். புதுச்சட்டையெல்லாம் கரிசல் தூசி.

“கையெழுத்துப் போடாம வெளிய போக ஆபீசர் கொடுத்த அனுமதிக் கடிதம் உங்க பையிலதான இருக்கு. பொறவு எதுக்கு இங்கன உக்காந்திருக்கீங்க?”

“கையெழுத்து விட்டுப்போனா பேரை வெட்டிப்போடுவினம். போட்டுட்டு வருவமெண்டு இருந்தன்.”

“போட்டாச்சா?”

“ஆபீசர் இன்னும் வரேல்லை.”

கோபம் வரும் என்று நின்றேன். வரவில்லை. பெட்டிகளை ஓரமாக வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நானும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.