கண்ணளவும் கொத்தவரை விதைப் பொடியும்

எங்கள் முதியோர் இல்லத்துச் சமையல்காரர் இடது கையில் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வெள்ளைப் பொடியைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். கொத்தவரை விதையிலிருந்து எடுத்த பொடி, நீர்த்ததைக் கெட்டியாக்கும். அவரை எல்லோரும் ‘கண்ணளவு’ என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருடமாக நாற்பது பேருக்குச் சமைக்கிறார்; எதையும் அளந்ததில்லை. அளவுக் கோப்பையில் பல்குத்தும் குச்சி வைத்திருந்தார்.

தேநீர், இல்லத்தில் பக்கவாதம் வந்து படுத்திருந்த பழைய லாரி டிரைவருக்கு. தண்ணீராக எதைக் கொடுத்தாலும் அவருக்குப் புரையேறியது. கெட்டியாக இருந்தால் மெதுவாக இறங்கும், தொண்டை சுதாரித்துக்கொள்ளும். நாளை பகலுக்குள் ஒழுங்காகக் குடிக்காவிட்டால் மூக்கில் குழாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கண்ணளவு பார்த்தார். நீர்த்தே இருந்தது. இன்னொரு சிட்டிகை. கட்டி கட்டியாக மிதந்தது. நசுக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் போட்டார். திருப்தியாக எடுத்துவந்தார்.

இல்லத்து நர்ஸான நான் டிரைவரை நிமிர்த்தி உட்காரவைத்து, கழுத்தில் துண்டு கட்டி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. கரண்டியைத் தூக்கினேன், கோப்பையும் கூடவே வந்தது.

டிரைவருக்கு வாய்தான் கோணியிருந்தது, பேச்சு கோணவில்லை. “இது டீயா, போஸ்டர் ஒட்டற பசையா?”

“நல்ல பதமாத்தான் இருந்துச்சு அண்ணே.”

“உன் பதத்துல பஞ்சர் ஒட்டலாம்யா.”

கண்ணளவு என்னைப் பார்த்தார். “என் கண்ணு பொய் சொல்லாது அக்கா.”

“பொய் சொல்லல. சீக்கிரம் பாத்துடுச்சு. இது ஊற ஊறத்தான் கெட்டியாகும்.”

கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். சாயங்காலத்துக்குள் ஆறு கோப்பை வீணாக்கினார். ஏழாவதோடு வந்தபோது முகத்தில் பொடி. “சர்க்கரையோட பொடியைக் கலந்துட்டுத் தூவினா கட்டி புடிக்கல அக்கா. அதுவா தனித்தனியா விலகிக்குது.”

“அளவு?”

“அதான் இடிக்குது,” என்றார், யாரோ அவமானப்படுத்தியதுபோல.

மறுநாள் காலை அளவுத் தேக்கரண்டி ஒன்று வாங்கிவந்து, பொடியை விளிம்போடு வழித்து அளந்தார். சர்க்கரையில் கலந்து தூவிக் கலக்கினார். பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் நின்றார். கரண்டியைச் சாய்த்தேன், தேன்போல வழிந்தது. டிரைவர் ஒரு இருமலும் இல்லாமல் முழுக்கோப்பையும் குடித்துவிட்டு, “சர்க்கரை கம்மி” என்றார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கொண்டுவந்திருந்த குழாயின் உறையைப் பிரிக்காமலேயே திரும்ப எடுத்துப் போனார். கண்ணளவு அடுத்த கோப்பைக்குப் பொடியை அளக்கப் போனார்.