எங்கள் கோப்பை, அவர்கள் படம்

அந்த ஆண்டு எங்கள் கல்லூரிப் பையன்கள் முதல் சுற்றிலேயே தோற்றுப்போனார்கள். கோப்பையை வென்றவர்கள் பெண்களான நாங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரங்கூனில் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் இதை மாற்றித்தான் சொல்வார்கள்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பப் பல வீடுகளில் மனம் வராத காலம் அது. தெருவுக்குத் தெரு தனியார் கல்லூரிகள் முளைத்தன. எல்லாவற்றிலும் அதே வணிகப் பாடம், அதே கணினிப் பாடம், ஏதோ ஒரு வெளிநாட்டு முத்திரை போட்ட டிப்ளமா. எங்கள் கல்லூரி லான்மடாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்று மாடிகளில் நடந்தது. கீழே பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை. நான் சேர்ந்தபோது மேல்மாடி வகுப்புகள் இரண்டைப் பூட்டியே வைத்திருந்தார்கள். உட்கார ஆள் இல்லை.

எனக்கு அங்கே இலவச இடம் கிடைத்ததற்குக் காரணம் என் மதிப்பெண் இல்லை. பள்ளிக்கூட அணியில் நான் கோல்கீப்பர். கல்லூரிகளுக்கிடையே ஃபுட்சால் என்ற ஐவர் கால்பந்துப் போட்டி வைக்கிறார்கள், பெண்கள் அணி இல்லாத கல்லூரியைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் எங்கள் கல்லூரி அவசரமாகப் பெண்களைத் தேடியது. அப்பா போட்டாதாங்கில் ஒரு கிட்டங்கியில் பருப்பு மூட்டைகளை எடை பார்க்கும் வேலையில் இருந்தார். காசு கட்டிப் படிப்பது எங்கள் வீட்டில் பேச்சுக்குக்கூட வராத விஷயம். செய்தியைச் சொன்னதும், "பந்து பிடிச்சா படிப்பு குடுப்பாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடியும் கேட்டார்.

பயிற்சியாளர் பையன்களுக்கு மட்டும்தான். எங்களுக்கு எங்கள் கேப்டனே எல்லாம். பகோ பக்கத்திலிருந்து வந்த பர்மியப் பெண் அவள். குரல் கனமாக இருக்கும், சிரிப்பதே அரிது. வாடகை மைதானம் விடியற்காலையில் மலிவு என்பதால் எங்களை அந்த நேரத்துக்கு அனுப்பினார்கள். மாலை நேரம் பையன்களுக்கு. மழைக்காலத்தில் செயற்கைப் புல் ஊறிப்போய்க் காலுக்கடியில் சளக் சளக்கென்று சத்தம் போடும். கேப்டன் என்னைக் கோல் வாயில் நிறுத்திவிட்டு, மற்ற எல்லோரையும் வரிசையாக உதைக்கச் சொல்வாள். "கண்ணை மூடாதே" என்பது மட்டும்தான் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

இறுதி ஆட்டத்தில் எதிரே இருந்தது சொந்த அரங்கமே வைத்திருக்கும் பெரிய கல்லூரி. அவர்களுக்கு ஷூ, சட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. கடைசிப் பந்து என் முகத்தில் பட்டுத்தான் வெளியே போயிற்று. அதைச் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். கண்ணை மூடாமல் நின்றேன், அவ்வளவுதான். மூக்கிலிருந்து ரத்தம் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தேன். கேப்டன் என்னைத் தூக்கிச் சுற்றினாள். அன்றைக்குத்தான் அவள் பற்களை முழுசாகப் பார்த்தேன்.

எங்கள் ஒரு ஆட்டத்துக்கும் வராத கல்லூரி முதல்வர் பரிசளிப்புக்கு வந்தார். கோப்பையைக் கையில் வாங்கி இரண்டு படம் எடுத்துக்கொண்டார். "ஆபீஸ்ல பத்திரமா இருக்கும்" என்று காரில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்.

சில வாரங்கள் கழித்து ஸ்ட்ராண்ட் ரோட்டில் எங்கள் கல்லூரியின் விளம்பரப் பலகை ஒன்று எழுந்தது. பேருந்தில் போகிற யாரோ பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னார்கள். கால்பந்துப் படமாம், கோப்பையாம், பெரிய எழுத்தில் சாம்பியன் என்று போட்டிருக்கிறதாம். அப்பாவுக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் கூட வேலை பார்க்கும் பர்மியப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு, என்னையும் கிளப்பினார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். அதில் யார் படம் இருக்கிறது என்று எனக்கும் அதுவரை தெரியாது. நானும் ஆசையோடுதான் போனேன்.

பலகையில் நான்கு பையன்கள் எங்கள் கல்லூரிச் சட்டையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவன் தலைக்கு மேலே எங்கள் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருந்தான். கீழே பர்மிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது: சாம்பியன்களோடு படியுங்கள்.

அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்.

"இதுல நீ எங்கம்மா?"

"நான் இல்லப்பா."

"உங் கூட்டாளிங்க?"

"யாரும் இல்ல."

"இந்தப் பசங்க யாரு?"

"காலேஜ்ல படிக்கிற பசங்க."

"இவங்களும் ஜெயிச்சாங்களா?"

"இல்லப்பா. இவங்க தோத்துட்டாங்க."

அவர் மறுபடியும் பலகையைப் பார்த்தார். அந்தப் பர்மியப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. "வாங்க, டீ குடிப்போம்" என்று பர்மிய மொழியில் சொல்லி அப்பாவின் முழங்கையைப் பிடித்தார். டீக்கடையில் அவரே சமோசாவும் வாங்கிவைத்தார். அப்பா சமோசாவைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

கிட்டங்கியில் மற்றவர்கள் விசாரித்தபோது அப்பா என்ன சொன்னார் என்று பின்னால் தெரிந்தது. "ஏர்போர்ட் பக்கம் இதவிடப் பெரிய போர்டு இருக்கு. எம் பொண்ணு அதுல இருக்கா." அப்படி ஒரு பலகை எங்கேயும் இல்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதரைப் பொய் சொல்லவைத்தார்கள் என்பதை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பலகையைப் பார்த்த மறுநாள் நான் விஷயத்தைச் சொன்னதும், கேப்டன் எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனாள். விளம்பரப் பொறுப்பைப் பார்க்கும் அம்மாளும் அங்கே இருந்தாள். எல்லோரும் அவளைச் சயாமா என்போம். டீச்சர் என்று அர்த்தம்; ஆணாக இருந்தால் சயா. அவள் யாருக்கும் ஒரு பாடமும் நடத்தியதில்லை.

"அந்தக் கப்பை நாங்க ஜெயிச்சோம், சயாமா" என்றாள் கேப்டன் பர்மிய மொழியில். "அதை ஏன் அவங்க கையில குடுத்தீங்க?"

சயாமா கோபப்படவில்லை. எங்களை உட்காரச் சொல்லி, குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினாள். "உங்க படத்தைப் போட்டா, இது பொம்பளைப் பிள்ளைங்க காலேஜுன்னு நினைச்சுக்குவாங்க. பையன்கள் வர மாட்டாங்க. பையன்கள் வராட்டிப் பெண்களும் வர மாட்டாங்க. பேரன்ட்ஸ் பாடத்திட்டமா படிச்சுப் பார்க்கிறாங்க? எங்கே கலகலப்பா இருக்கோ அங்கேதான் பிள்ளைங்க சேர்க்கச் சொல்லி அடம்பிடிக்கிறாங்க."

"அப்போ கப்புல எங்க பேரையாவது எழுதுங்க."

முதல்வர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "கப்பு காலேஜோடது. நீங்களும் காலேஜோட பிள்ளைங்கதானே?"

கேப்டன் மட்டும் எழுந்து கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனாள்.

சயாமா சொன்னது பலித்தது. அதுதான் கசப்பு. அந்தச் சேர்க்கைக் காலத்தில் மாடிப்படி முழுக்க ஆட்கள் நின்றார்கள். கீழே பிளாஸ்டிக் கடைக்காரர் வழியை மறைக்கிறார்கள் என்று சண்டைக்கு வந்தார். விண்ணப்பம் வாங்க வந்த பிள்ளைகள் யாரும் ஆய்வகம் எங்கே, ஆசிரியர் யார் என்று கேட்டு நான் பார்க்கவில்லை. கோப்பை எங்கே என்று கேட்டார்கள். அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு பெரிய ஓட்டலில் கல்விக் கண்காட்சி நடந்தது. கல்லூரிகள் எல்லாம் ஆளுக்கொரு மேசை போட்டிருந்தன. எங்கள் மேசைக்கு முன்னால் சின்ன கோல் கம்பம் நட்டு, பையன்களைச் சட்டையும் ஷூவுமாக நிறுத்தியிருந்தார்கள். வருகிற பிள்ளைகள் அவர்களோடு பந்து உதைக்கலாம். எங்களைப் பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் தமேனைப் பச்சை நிறத்தில் கட்டிக்கொண்டு வந்து துணிப்பை கொடுக்கச் சொன்னார்கள். கேப்டன் வரவில்லை. இலவச இடத்தில் படிக்கிற எனக்கு வராமலிருக்கத் தைரியம் இல்லை.

மதியம்போல ஒரு தமிழ் முஸ்லிம் வியாபாரி மகனோடு வந்தார். லத்தாவில் கடை வைத்திருக்கிறாராம். என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்குத் தாவிவிட்டார்.

"நம்ம புள்ளையா நீ? எந்த ஊரும்மா?"

"போட்டாதாங் பக்கங்க."

"நல்லதாப் போச்சு. நீ சொல்லு, எப்படி காலேஜு? இவன் இங்கதான் சேருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்."

அவர் மகன் ஏற்கனவே பந்தை உதைக்கப் போய்விட்டான். சயாமா இரண்டு மேசை தள்ளி யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். தமிழில் எதைச் சொன்னாலும் அவளுக்குப் புரியப்போவதில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கப்பு ஜெயிச்சது அந்தப் பசங்க இல்லீங்க. நாங்க. பொண்ணுங்க டீம்."

"அப்படியா!" என்று சிரித்தார். "அதனால என்னம்மா? காலேஜு ஜெயிச்சுதா இல்லையா?"

"படிப்பும் சரியில்லீங்க, அண்ணே. ரெண்டு பாடத்துக்கு ஒரே சயாதான். பாதி வகுப்பு வீடியோ போட்டு ஓட்டுறாங்க. கரண்டு போனா அதுவும் இல்ல."

அவர் மகன் பக்கம் திரும்பிப் பார்த்தார். மகன் கோல் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினான். அந்தப் பையன்கள் அவன் முதுகில் தட்டினார்கள்.

"நீ சொல்றது உண்மையாத்தாம்மா இருக்கும்" என்றார். "ஆனா மத்த காலேஜு மட்டும் என்ன கிழிக்கிறாங்க? எல்லாம் ஒண்ணுதான். இவன் சிங்கப்பூர் போற வரைக்கும் எங்கயாவது உக்காரணும். இஷ்டப்பட்ட எடத்துல உக்காந்தான்னா வீட்ல சண்டை இல்ல."

என் கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டு, "நல்லா இரும்மா" என்று மேசைக்குப் போனார். அன்று மாலைக்குள் மகனைச் சேர்த்துவிட்டார். உண்மையைச் சொன்னால் ஏதாவது மாறும் என்று அதுவரை நம்பியிருந்தேன். அவர் நான் சொன்னதை நம்பாமல் போயிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். நம்பிவிட்டுத்தான் சேர்த்தார்.

புதிய ஆண்டு தொடங்கியபோது பூட்டிய வகுப்புகளைத் திறந்துவிட்டார்கள். அப்படியும் இடம் போதவில்லை. பிந்தி வந்தவர்கள் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தார்கள். பையன்கள் அணியில் சேர அவ்வளவு பேர் வந்ததால் விடியற்காலை மைதானமும் அவர்களுக்குப் போனது. எங்களுக்கு வேறு நேரம் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். போட்டி நெருங்கியது, யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஆண்டு போட்டி விதியையும் மாற்றியிருந்தார்கள். பெண்கள் அணி கட்டாயமில்லை.

சயாமா என்னைக் கூப்பிட்டாள். "உன் இடம் விளையாட்டு இடம், தமீ" என்றாள். தமீ என்றால் மகளே. "டீம் இல்லாம அந்த இடத்தை எப்படி வச்சிருக்கிறது? நீ நல்ல பிள்ளை. ஃபீஸ் கட்டிப் படி."

அப்பா கிட்டங்கி முதலாளியிடம் கடன் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவர் என்னை வற்புறுத்தவில்லை. அன்றைக்கு எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கேப்டன் எனக்கு முன்பே போய்விட்டாள். தாய்லாந்து எல்லையில் ஒரு தையல் ஆலையில் இருப்பதாகக் கேள்வி. அந்த ஆண்டும் பையன்கள் முதல் சுற்றில் தோற்றார்கள். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பலகை அப்படியே இருந்தது. சேர்க்கையும் குறையவில்லை.

நான் படகுத்துறைப் பக்கம் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சீட்டுகளைத் தட்டச்சு செய்கிறேன், தொலைபேசி எடுக்கிறேன். மோசமான வேலை இல்லை. அங்கே யாருக்கும் என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது.

என் தங்கை என்னைவிட மூன்று வயது சின்னவள். தமிழ் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் பர்மிய மொழிதான் வரும். போன வருஷம் பள்ளிக்கூடத்தை முடித்தாள். நான் சம்பாதிக்கிறேன், அவளைப் படிக்கவைப்போம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு நானே போய் விசாரித்து வந்தேன். சாப்பிடும்போது அவற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நான் லான்மடாவுக்கே போறேன்" என்றாள் பர்மிய மொழியில்.

"எந்தக் காலேஜ்?"

"உனக்குத் தெரியாதா?"

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அங்க என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியும்தானே?" என்று தமிழில் கேட்டேன்.

"தெரியும். எல்லாம் தெரியும், அக்கா. ஆனா என் வகுப்புப் பிள்ளைங்க எல்லாரும் அங்கதான் போறாங்க. நான் மட்டும் தெரியாத இடத்துல போய் யார் முகத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்றது?"

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. அவள் அழவுமில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. நான் ஓய்ந்ததும், "நீ சொல்ற மத்த காலேஜ் எல்லாம் நல்லதா? நீயே சொல்லு" என்றாள். விசாரித்து வந்தவள் நான்தானே. நல்லது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அவள் அங்கேதான் சேர்ந்தாள். முதல் மாதச் சம்பளத்திலிருந்தே அவளுக்காக எடுத்து வைத்திருந்ததைக் கொண்டுபோய் சயாமாவின் மேசையில் கட்டியது நான். சயாமாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்தும் தெரியாததுபோல இருந்தாளோ என்னவோ. புன்னகையோடு ஒரு துணிப்பை கொடுத்தாள்.

முதல் வாரம் முடிந்து வீட்டுக்கு வந்த தங்கை, வகுப்பில் உட்கார இடமில்லை என்றாள். சயா வரவேயில்லை, வீடியோதான் போட்டார்கள் என்றாள்.

"தெரிஞ்சுதானே போன?" என்றேன்.

"ஆமா, தெரிஞ்சுதான்" என்றாள். குழம்பை ஊற்றிக்கொண்டு, தோழி ஒருத்தி அனுப்பிய எதையோ போனில் பார்த்துச் சிரித்தாள்.